கண்ணாடிக் கெளுத்திகள்

விரல் நீளக் கெளுத்திக் குஞ்சு ஒன்றை இடுக்கியால் பிடித்துக் குடுவைக்குள் இறக்கினேன். பல நாட்களாக மருந்துகளில் ஊறிய மீன் அது. வெளியே இருந்தவரை வழுவழுப்பான நுங்குத் துண்டு போல மினுங்கியது. திரவத்துக்குள் போனதும் முதலில் வால் காணாமல் போனது, பிறகு வயிறு, பிறகு தலை. குடுவையில் தெளிந்த திரவமும், அதன் நடுவே அந்தரத்தில் நிற்கும் இரண்டு கறுப்புப் புள்ளிகளும்தான் மிஞ்சின. அவை அதன் கண்கள்.

பக்கத்தில் நின்ற, என்னோடு வேலை செய்யும் அக்கா குனிந்து பார்த்தார்.

"இன்னா மேடம், கரஞ்சி பூச்சா?"

"கரையலக்கா. உள்ளதான் கீது. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவர் குடுவையை ஒரு சுற்று திருப்பினார். புள்ளிகள் இரண்டும் கூடவே திரும்பின.

"அதுக்கு நம்மளத் தெரியுது," என்றார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை எங்கள் கம்பெனி. அளவு பார்க்கும் கருவிகள், லென்ஸ் பொருத்தும் கருவிகள் என்று சின்னச் சின்னதாகச் செய்துகொண்டிருந்த இடம். நான் ஒளியியல் படித்தவள். திருப்பாச்சூரில் எங்களுக்கு நிலம் இருக்கிறது, நெல் போடுகிறோம். ஒரே பெண் லென்சைக் கட்டிக்கொண்டு அழுவது என் அப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வார நாட்களில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்குவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவேன்.

அக்கா பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக் குப்பத்தைச் சேர்ந்தவர். இறால் பதப்படுத்தும் கம்பெனியில் இருந்து எங்களிடம் வந்தார். கருவிகளைப் பொருத்துவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு மேலே முதலாளி. அவரை எல்லோரும் சார் என்போம். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று எங்களிடம் ஒரு கருவி கேட்டிருந்தது. குளத்தில் வளரும் குஞ்சுகளின் இதயமும் செவுளும் கோணல்மாணலாக வளருகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். மீனை அறுக்காமல் முழுசாகப் பார்க்க வேண்டும், ஒன்றொன்றாக இல்லாமல் ஒரு தட்டு நிறைய மீன்களை ஒரே தடவையில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் லைட்ஷீட் மைக்ராஸ்கோப். ஒளித்தாள் நுண்ணோக்கி என்று சொல்லலாம். லேசர் ஒளியைக் காகிதம் போல மெலிசாக்கி மீனின் பக்கவாட்டில் பாய்ச்சுவோம். ஒளி படுகிற அந்த ஒரு படலம் மட்டும் உள்ளே மங்கலாகச் சுடரும். அதைக் கேமரா நேர் எதிரே இல்லாமல் குறுக்கே நின்று படம் எடுக்கும். பிறகு மீனை ஒரு மயிரிழை நகர்த்தி அடுத்த படலம். இப்படியே மூக்கிலிருந்து வால் வரை. கத்தி படாமல் மீன் துண்டு துண்டாகத் திரையில் வந்து விழும்.

மீனுக்குள் ஒளி தடங்கல் இல்லாமல் போகவேண்டும் என்றால் மீன் கண்ணாடியாக வேண்டும். சதையில் உள்ள தண்ணீரைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்து, நிறத்தை வெளுத்து, கடைசியில் ஒரு திரவத்தில் போடுவோம். சதை எவ்வளவு ஒளியை வளைக்குமோ அவ்வளவே அந்தத் திரவமும் வளைக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே எல்லை தெரியாது. வாசனைப் பொருட்களில் சேர்க்கிற திரவம் அது. பட்டையும் கனிந்த பழமும் கலந்த ஒரு இனிப்பு வாடை. செத்த மீன்கள் நிறைந்த கொட்டகை மிட்டாய்க் கடை மாதிரி மணந்தது. "மீன் நாத்தம் அடிச்சாக்கூடத் தேவல, இது வயித்தப் பொரட்டுது," என்பார் அக்கா. கண்ணின் கருமையையும் வெளுக்கலாம், ஆனால் அதற்கு வீரியமான மருந்து வேண்டும், சதை கெட்டுவிடும். அதனால் கண்களை அப்படியே விட்டுவிட்டோம். திரவத்தில் தொங்கும் மீன்கள் எல்லாம் வெறும் கண்களாகத்தான் இருந்தன.

சின்னப் பொருளைப் பார்க்கும் கருவிகள் ஏற்கனவே உலகத்தில் இருந்தன. அரிசி அளவு கரு என்றால் தொல்லை இல்லை. பெரிய மீன் என்றதும்தான் ஒளி அடங்காமல் போனது. மெலிசாக்கிய ஒளி உடுக்கையைப் போன்றது. இடுப்பில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரியும். இடுப்பு மட்டும்தான் காகிதம், மற்றதெல்லாம் பலகை. பலகையால் வெட்டினால் படம் கலங்கும். மழைக்காலம் முழுவதும் இதிலேயே போனது. கடைசியில் உடுக்கையின் இடுப்பையே மீனின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடவிட்டு, அது எங்கே இருக்கிறதோ அந்தக் கோட்டை மட்டும் கேமரா படிக்கும்படி செய்தேன். மீன்களைத் தொங்கவிட நீளமான தொட்டி ஒன்று செய்தோம், வீட்டில் அலங்கார மீன் வளர்க்கிற தொட்டி அளவுக்கு. மேலே ஒரு சட்டம், சட்டத்தில் வரிசையாகக் கவ்விகள். அக்கா ஒவ்வொரு மீனையும் வாலில் கவ்வித் தலைகீழாகத் தொங்கவிடுவார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

தை மாதத்தில் முதல் படங்கள் வந்தன. செவுள், முள், குடல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. சார் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

பங்குனி வெயில் ஏறியபோதுதான் அது தொடங்கியது.

மதியச் சாப்பாடு முடிந்து, கறுப்புத் திரை போட்ட அறைக்குள் நானும் அக்காவும் இருந்தோம். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும். மீனின் நெஞ்சுப் பகுதி படலம் படலமாக வந்துகொண்டிருந்தது. இதயம் வந்ததும் நிறுத்தினேன். சாம்பல் நிறத்தில் ஒரு முந்திரிக்கொட்டை போல இருந்தது.

அது சுருங்கியது. பிறகு பெருத்தது. மறுபடி சுருங்கியது.

நகர்த்தும் மோட்டார் நிற்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் நின்றுதான் இருந்தது. மோட்டாரின் இணைப்பையே பிடுங்கினேன். திரையில் இதயம் நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், இது செத்ததுதானே?" என்றார் அக்கா.

"பாட்டில்ல வரும்போதே செத்ததுதாங்கா. இத்தினி நாளா சாராயத்துல ஊறிக்கினு கெடந்துது."

"அப்ப இன்னாத்துக்கு அடிச்சிக்குது?"

சட்டத்தை நகர்த்தி அடுத்த மீனைக் கொண்டுவந்தேன். அதன் இதயமும் துடித்தது. அதற்கடுத்ததும். முதுகெலும்பு அசையவில்லை, செவுள் அசையவில்லை, நெஞ்சுக்குள் மட்டும் அந்தச் சாம்பல் கொட்டை பெருத்துச் சுருங்கியது. எந்த மீனுக்குப் போனாலும் அதே வேகம். தொட்டியை எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குள் கண்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

சாரைக் கூப்பிட்டோம். அவர் வந்து பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். "ஏதோ அதிர்வு. சுத்தி ரோலிங் மில், பிரஸ், லாரின்னு ஓடுது. தேடிப் பிடிங்க. கஸ்டமர் கிட்ட இதக் காட்டிராதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது திரையைத் திரும்பிப் பார்க்காமல் போனதைக் கவனித்தேன்.

அதிர்வு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதிர்வு என்றால் முழு மீனும் நடுங்க வேண்டும், படம் கலங்க வேண்டும். இங்கே எல்லாம் சிலை மாதிரி நின்றன, இதயம் மட்டும் அசைந்தது. அதோடு அது காலையில் வருவதே இல்லை. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்த பிறகு மெல்லத் தொடங்கும், பொழுது சாயும்போது அடங்கும். ஏசியை நிறுத்திப் பார்த்தேன். கம்ப்ரசரை நிறுத்திப் பார்த்தேன். ஒருநாள் பேட்டை முழுவதும் கரண்ட் போனது. பேட்டரியில் லேசரையும் கேமராவையும் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். துடித்தது.

அந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் சாம்பல் கொட்டை. காது மடலில் என் நாடி அடிப்பது கேட்கும், அது அந்த வேகம்தானா என்று எண்ணத் தோன்றும். அந்த இனிப்பு வாடை தலைமுடியில் ஏறிக்கொண்டு, என் அறையிலும் இருந்தது. அக்காவோ நேர்மாறாக இருந்தார். மதியமானால் கை வேலையைப் போட்டுவிட்டு இருட்டறைக்கு வந்துவிடுவார். முக்காலியில் உட்கார்ந்து திரையையே பார்ப்பார். ஒருநாள் அவர் வலது கை அவருடைய நெஞ்சின் மேல் இருந்ததைப் பார்த்தேன். வைத்திருப்பது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மே தினத்தன்று பேட்டை முழுவதும் விடுமுறை. சத்தமே இல்லாத ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் போனேன். வரவேண்டாம் என்று சொல்லியும் அக்கா வந்திருந்தார். வந்து இறங்கிய எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எப்போதும் இரும்பு அடிக்கும் சத்தத்தில் மூழ்கியிருக்கும் தெரு அது. அன்று காக்கை கத்துவதும் தூரத்தில் ஒரு நாய் குரைப்பதும் தனித்தனியாகக் கேட்டன. மில் இல்லை, பிரஸ் இல்லை, லாரி இல்லை. கொட்டகையில் கருவியைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினோம். காலையில் மீன்கள் மீன்களாக இருந்தன. கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. இதற்கு முன் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. மற்ற சத்தங்கள் எல்லாம் விலகி நின்று அதற்கு வழி விட்டது போல இருந்தது. அதிர்வு என்று நான் பிடித்துக்கொண்டிருந்த கம்பு கையைவிட்டுப் போனது. வெளியே அசைகிற எதுவும் இல்லை, உள்ளே இதயங்கள் அடித்துக்கொண்டிருந்தன.

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். "எந்தம்பி போனதும் இந்நேரந்தான் மேடம். மதிய ஷிப்ட்டு."

அவருடைய தம்பி ஏதோ ஒரு தொழிற்சாலையில் விபத்தில் இறந்தவர் என்பது எனக்குத் தெரியும். எங்கே என்று கேட்டதில்லை.

"எந்த கம்பெனிக்கா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டிச் சுவரைக் காட்டினார்.

அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. இரும்பை உருக்கி மண் அச்சுகளில் ஊற்றும் இடம். மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. பங்காளிகளுக்குள் வழக்கு, திருவள்ளூர் கோர்ட்டில் நடக்கிறது. எங்கள் கொட்டகை ஒரு காலத்தில் அதன் கிடங்கு, முன்பே பிரித்து விற்றது. நடுச்சுவர் இரண்டுக்கும் பொது, தரையும் ஒரே தரை.

"இங்க வேலைக்கு வர்றப்ப தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சிதான் வந்தேன்." சுவர்ப் பக்கம் திரும்பி, "உள்ள இன்னா கீதுன்னு பாத்ததே இல்ல. அவன ஆஸ்பத்திரிலருந்து நேரா ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. மூஞ்சக் கூடத் தொடச்சி, பவுடர் போட்டுக் குட்த்தாங்க. எங்க வுழுந்தான், எப்டி கெடந்தான், ஒண்ணுந் தெரியாது. சங்கிலி அந்து அச்சுப்பொட்டி அவன் மேல வுழுந்திச்சின்னாங்க. இந்தச் சொவுத்துக்குப் பின்னாடி தனியா கெடந்திருப்பான்னுதான் தெனம் நெனச்சிக்கினு கீறேன்."

என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் வேலை செய்வேன். ஒரு அகலத் தட்டில் திரவத்தை ஊற்றித் தரையில் வைத்து, சின்ன லேசர் விளக்கை அதன் மேல் சாய்த்துப் பிடித்தேன். ஒளி தெறித்து உத்தரத்தில் ஒரு பச்சைப் பொட்டாக விழுந்தது. பொட்டு லேசாக அசைந்தது, இதயத்தின் அதே நடையில். தட்டை வாசல் பக்கம் கொண்டுபோனோம். அசைவு குறைந்தது. நடுச்சுவர் பக்கம் கொண்டுவந்தோம். பொட்டு உத்தரத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடியது. அக்கா அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"வாக்கா, போய்ப் பாக்கலாம்," என்றேன்.

அந்தத் தொழிற்சாலையின் வாட்ச்மேன் பெரியவர் எளாவூர்க்காரர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். கேட்டுக்கு உள்ளே வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஏதோ அதிர்வு எங்கள் கருவியைக் கெடுக்கிறது, உள்ளே பார்க்க வேண்டும் என்றேன்.

"உள்ள இன்னாம்மா கீது, பாம்புதான் கீது. சரி வாங்க, காலப் பாத்து வைங்க," என்று திட்டிவாசலைத் திறந்தார்.

உள்ளே போனதும் வெயில் அறுந்துபோனது. கூரை உயரமாக எங்கேயோ இருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்துபோனது போல இருந்தது அந்த இடம். சுவரில் அடித்த ஆணிகளில் சட்டைகள் தொங்கின, தூசியில் எல்லாம் ஒரே நிறமாகி. கீழே செருப்புகள் சோடி சோடியாக வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அச்சுப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. உடைத்து எடுக்காத வார்ப்புகள் இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன.

கூரைத் தகடுகளின் இடுக்கு வழியாக வெயில் உள்ளே விழுந்தது. விளக்குத் தூண் மாதிரி இல்லை. நீள இடுக்கு என்பதால் மெலிசான தாள் தாளாக, மேலிருந்து தரை வரை, ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. தூசி அதில் சுடர்ந்தது. அக்கா எனக்கு முன்னே நடந்தார். ஒரு தாளைக் கடக்கும்போது அவர் தோளின் ஒரு கீற்று மட்டும் எரிந்து அணைந்தது. அடுத்ததில் காதும் கம்மலும், அதற்கடுத்ததில் பின்னலும் முதுகும். நடுவில் இருட்டில் அவர் இல்லவே இல்லை. மாதக்கணக்காக நான் மீன்களுக்குச் செய்துவந்ததை யாரோ அங்கே அவருக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் சட்டைகளின் முன்னால் நின்றார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். தூசி கொட்டியது. கடைசிச் சட்டை வரை பார்த்துவிட்டு, "இதுல அவுன்து இல்ல," என்றார்.

பொதுச்சுவரை ஒட்டி இரும்புத் தூண்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். மூன்றாவதோ நான்காவதோ, தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். தூண் உயிரோடு இருந்தது. உள்ளங்கையில் மெதுவாக, பொறுமையாக, தட்டியது. இடைவெளி விட்டுத் தட்டியது. அக்காவும் வந்து கை வைத்தார். எடுக்கவில்லை.

"அதும்மா," என்று பெரியவர் மேலே காட்டினார். "கூரை மேல காத்துக்குச் சுத்துற உருண்டை கீது பாரு, சூடு வெளிய போவ வச்சது. ஒண்ணு ஒரு பக்கம் நசுங்கிப் பூச்சு. மதியம் கடக்காத்து எறங்குச்சின்னா சுத்த ஆரம்பிக்கும். சுத்துக்கு ஒருவாட்டி இடிக்கும். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப் பூச்சு."

கரண்ட் வேண்டாத ஒன்று. மே தினம் தெரியாத ஒன்று. பங்குனியில் தொடங்கும் கடற்காற்று, மதியம் வந்து பொழுதோடு அடங்குவது. எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஏமாற்றம் போல ஏதோ ஒன்றும் வந்தது.

அக்காவின் கை தூணிலேயே இருந்தது. "ண்ணா," என்றார் பெரியவரிடம். "இங்க சங்கிலி அந்து ஒரு பையன் பூட்டானே. அப்ப நீ இங்கதான் இருந்தியா?"

பெரியவர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ யாரும்மா?"

"அவன் அக்கா."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். உலையின் பக்கத்தில் வெறும் தரை. அங்கே அடையாளம் எதுவும் இல்லை.

"இங்கதாம்மா. பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு எல்லாம் வண்டி புடிக்க ஓடுனாங்க. வண்டி வர நேரமாச்சி. நான் இங்க குந்திக்கினு அவன் தலைய மடில வச்சிக்கினேன்."

"தனியா இல்லியா?"

"எங்க தனியா? நான் இருந்தேனே."

"எதுனா பேசுனானா?"

"தண்ணி கேட்டான். குட்த்தேன். ஒரு வாய் குடிச்சான். நைனா, கண்ண மூடாத, வண்டி வந்துரும்னு சொல்லிக்கினே இருந்தேன். நெஞ்சுல கைய வச்சிப் பாத்துக்கினே இருந்தேம்மா. நல்லாத்தான் அடிச்சிக்கினு இருந்திச்சி. அப்புறம் கொறஞ்சிக்கினே வந்திச்சி." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நிக்கிற வரிக்கும் நான் கைய எடுக்கல."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. பெரியவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் அவர்களை விட்டுத் தூணோரம் வந்து நின்றேன். பின்னால் அது தட்டிக்கொண்டே இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நசுங்கிய உருண்டையை நிறுத்த வழி இல்லை. வழக்கில் இருக்கும் கட்டடத்தின் கூரையில் ஏற யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஏறினால் தகடு தாங்காது. அதனால் கருவியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. யோசித்தபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இடி தரை வழியாக வருகிறது. சின்னத் தொட்டியாக இருந்தால் அது பொருட்டே இல்லை. பெரிய மீன்களுக்காக நான் செய்த பெரிய தொட்டியில் திரவம், வாளித் தண்ணீர் போல, மெல்ல அலம்புகிறது. மீனின் உடல் கவ்வியில் இறுகி நிற்கிறது. ஆனால் சாராயம் சதையைச் சுருக்கிவிட்டதால் இதயம் மட்டும் தன் கூட்டில் தளர்ந்து, ரத்தக்குழாயில் மணிநாக்கு போலத் தொங்குகிறது. அலம்பும்போது அது ஒளித்தாளுக்குள் வருகிறது, விலகுகிறது. வெட்டு பெரிதாகிறது, சிறிதாகிறது. துடிப்பு என்று நாங்கள் பார்த்தது அதைத்தான்.

திரவத்துக்கு மேல் காற்று இருப்பதால்தானே அலம்புகிறது. தொட்டிக்கு இறுக்கமான மூடி செய்தேன். விளிம்பு வரை நிரப்பி, ஒரு குமிழி இல்லாமல் மூடி, மீன்களை மூடியிலிருந்தே தொங்கவிட்டேன். கருவி மொத்தத்தையும் ஒரு கருங்கல் பலகையில் ஏற்றி, பலகைக்கு அடியில் ஸ்கூட்டர் டியூபில் காற்றடித்து வைத்தோம். சோதனை நாளில் மீன்களை மாட்டியது அக்காதான். மதியம் காற்று இறங்கியது. வாசல் தகரம் படபடத்தது. திரையில் சாம்பல் கொட்டை அசையாமல் இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தார். மற்ற மீன்களையும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இப்பதான் செத்த மாரி கீது," என்றார். பிறகு எழுந்து கறுப்புத் திரையை விலக்கி, கை கழுவப் போனார்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார், கண்டிப்பான பெண்மணி. காலை முழுவதும் ஒரு தட்டு மீன்களைப் படம் எடுத்துக் காட்டினோம். திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு மீனில் மட்டும் நிறுத்தினார். மற்றதெல்லாம் ஊசி முனை மாதிரி இருக்க, அதன் இதயத்தின் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது, படம் எடுக்கும்போது அசைந்தது போல. "குமிழி இருந்திருக்கும்," என்றார் சார். விஞ்ஞானியும் ஒப்புக்கொண்டார். பிறகு நான் தனியாகத் தொட்டியைச் சோதித்தேன். குமிழி இல்லை. காற்றும் அப்போது இறங்கியிருக்கவில்லை. படத்தை அக்காவிடம் காட்டவில்லை. அதை அழிக்கவும் இல்லை. வேறு காரணம் இருக்கும். கவ்வி தளர்ந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மதியத்தில் அந்த அறையில் தனியாக இருக்க நேர்ந்தால் கறுப்புத் திரையை ஒரு சாண் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

கருவி லாரியேறிப் போன வாரம், சனிக்கிழமை, அக்கா சீக்கிரம் கிளம்பினார். கையில் கூடை, அதில் வாழையிலை சுற்றிய மடவை மீன். குப்பத்துக்குப் போகும் பஸ் எதிர்த்திசையில்தான் நிற்கும். அவரோ வாட்ச்மேன் பெரியவரின் ஊரான எளாவூர் பக்கம் போகும் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தார்.

"எங்கக்கா இந்தப் பக்கம்?"

"அண்ணன் ஊட்டுக்கு," என்றார். "அதுக்கு ஏரி மீனுன்னா உசுரு. அங்கலாம் எங்க கெடைக்குது."

பஸ் வந்தது. கூடையை முன்னால் பிடித்துக்கொண்டு ஏறினார்.